யார் வீட்டுப் பிள்ளை?

(கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை, கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று உலகெங்கும் மன்றாடுகிறோம். இந்த வாரத்தில் யோவான் நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, பாடுகளுக்கு முந்திய இரவில் ஆண்டவர் தம் சீடர்களுக்காகச் செய்த மன்றாட்டைப் பற்றிப் பேசுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசியிருக்கிறேன். பிறகு ஒரு கூட்டு வழிபாடு நடக்கும். சி.எஸ்.ஐ. சபையிலிருந்து ஓர் ஆயர் வருவார். (அவர்கள் வழக்கில் ஆயர் என்றால் நம் பங்குத்தந்தை போல.) லுத்தரன் சபையிலிருந்து ஒருவர் வருவார். நான் அவர்களுக்குச் சால்வை போடுவேன், அவர்கள் எனக்குப் போடுவார்கள். டீ குடித்துவிட்டுக் கலைந்தால், அடுத்த ஜனவரி வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இந்த ஆண்டு வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. என் தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் கோவிலுக்கு ஞாயிறு காலைத் திருப்பலிக்கு ஓர் இளம்பெண் வந்துகொண்டிருந்தாள். வயது 22 இருக்கலாம். முகத்தைப் பார்த்தால் வடகிழக்கு மாநிலத்துப் பெண் என்று தெரியும். கடைசி பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். பாட்டு தெரியாவிட்டாலும் உதடு அசையும். நான்கு ஞாயிறு வந்தாள். ஐந்தாம் ஞாயிறு நற்கருணை வரிசையில் வந்து என் முன்னால் நின்று கையை நீட்டினாள். நீட்டிய விதத்திலேயே பழக்கமில்லை என்று தெரிந்தது. தாழ்ந்த குரலில், நீ கத்தோலிக்கப் பெண்ணா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “பாப்டிஸ்ட், ஃபாதர்” என்றாள். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஒரு கணம் அப்படியே நின்றாள். பின்னால் வரிசை நெருக்கியது. அவள் தன் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. நேரே வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

நம் திருஅவையின் ஒழுங்கை நான் மீறியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே பந்தியில் நற்கருணை உண்பது முழு ஒன்றிப்பின் அடையாளம். அந்த ஒன்றிப்பு இன்னும் நமக்கு வாய்க்கவில்லை. வாய்க்காததை வாய்த்ததுபோலக் காட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. என் தவறு அங்கே இல்லை. நான்கு ஞாயிறு அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கேட்க எனக்கு நான்கு வாரம் இருந்தது. நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, நீ எந்தச் சபை என்பதுதான். அதையும் வரிசையில் நிற்க வைத்துக் கேட்டேன்.

திருப்பலி முடிந்ததும் அந்தக் கடைசி பெஞ்சில் உட்காரும் வயதான அம்மா ஒருவர் சக்ரீஸ்து வாசலுக்கு வந்தார். “சாமி, அந்தப் புள்ள அழுதுக்கிட்டே போச்சு. எங்க வேலை பாக்குதுன்னு எனக்குத் தெரியும். வாரீங்களா, போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றார். பங்குப் பேரவையில் அவர் இல்லை, எந்தப் பக்த சபையிலும் பொறுப்பில் இல்லை. ஆனால் எங்கள் பங்கில் அந்தப் பெண்ணின் பெயரை அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

போனோம். அண்ணாநகரில் ஓர் அழகு நிலையத்தில் வேலை. ஊர், மணிப்பூரின் சுராசாந்த்பூர் பக்கம். 2023 மே 3ஆம் நாள் அங்கே மூண்ட கலவரம் உங்களுக்கு நினைவிருக்கும். இரு தரப்பிலும் வீடுகள் எரிந்தன. 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏறக்குறைய 60,000 பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். அவள் வீடும் எரிந்தது. அவர்கள் ஊர் ஆலயமும் எரிந்தது. தாயும் தம்பியும் நிவாரண முகாமில் இருந்தார்கள். பேருந்தில் போகும்போது எங்கள் கோபுரத்துச் சிலுவை கண்ணில் பட்டதால் இறங்கி வந்தாளாம். அவள் ஊரில் ஞாயிறு வழிபாட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தால், போதகர் அவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பெயரும் ஊரும் கேட்பாராம். முடிந்ததும் எல்லாரும் வந்து கைகொடுப்பார்களாம். இங்கே யாரும் கேட்கவில்லை. “அந்த வரிசையில் வந்தால் உங்களிடமாவது ஒரு வார்த்தை பேசலாம் என்று நினைத்தேன், ஃபாதர்” என்றாள்.

அன்பார்ந்தவர்களே, அன்றிரவு திருத்தூதர் பணிகள் நூலில் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பொல்லோ என்பவர் எபேசுக்கு வருகிறார். அலெக்சாந்திரியாவில் பிறந்த யூதர், சொல்வன்மை மிக்கவர், மறைநூல் அறிந்தவர். ஆனால் அவருக்குத் தெரிந்த திருமுழுக்கு யோவான் கொடுத்த திருமுழுக்கு மட்டுமே. தொழுகைக்கூடத்தில் அவர் பேசுவதைப் பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் கேட்கிறார்கள். குறை தெரிகிறது. உடனே எழுந்து நின்று திருத்தவில்லை. அவரைத் தங்களோடு அழைத்துக்கொண்டுபோய், ஆண்டவரின் நெறியை இன்னும் திருத்தமாக விளக்குகிறார்கள்.

யார் இந்தத் தம்பதி? கிளவுதியு பேரரசர் யூதர்களை உரோமையைவிட்டு வெளியேற்றியபோது வெளியேறியவர்கள். கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள். உரோமையிலிருந்து கொரிந்துக்கும், கொரிந்திலிருந்து எபேசுக்கும் இடம்பெயர்ந்தவர்கள். தாங்களே வந்தேறிகளாக இருந்தவர்கள்தாம் புதிதாக வந்தவரை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அதற்கு அடுத்த வரிகளை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அப்பொல்லோ அக்காயாவுக்குப் போக விரும்புகிறார். எபேசுச் சகோதரர்கள் அவருக்கு ஊக்கம் கொடுத்து, அவரை ஏற்றுக்கொள்ளும்படி அங்குள்ள சீடர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். இவ்வளவு நல்ல பேச்சாளரை எந்த ஊர்ச் சபையாவது விட்டுக்கொடுக்குமா? நாமாக இருந்தால் தவக்காலத் தியானத்துக்கு அவரையே பிடித்துப் போட்டிருப்போம். அவர்களோ கடிதம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அதே கொரிந்தில் பின்னாளில், நான் பவுலைச் சார்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சார்ந்தவன் என்று கட்சி கட்டினார்கள். பவுல் என்ன செய்தார் தெரியுமா? தாம் நட்டதாகவும் அப்பொல்லோ நீர் பாய்ச்சியதாகவும் எழுதினார். அதே திருமுகத்தின் கடைசியில், அப்பொல்லோவை மறுபடி கொரிந்துக்குப் போகச் சொல்லித் தாமே மிகவும் வற்புறுத்தியதாகவும் எழுதியிருக்கிறார். தம் பெயருக்குப் போட்டியாக நிறுத்தப்பட்டவரையே அங்கே போகச் சொல்கிறார்.

மறுநாள் நம் நகரில் வாடகைக் கூடத்தில் பாப்டிஸ்ட் சபை நடத்தும் ஒரு போதகரைத் தேடிப்போனேன். அவரும் நானும் ஒரே சாலையில் பல முறை எதிரெதிரே வண்டியில் போனவர்கள், பேசியதில்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார். ஆளை இழுக்க வந்திருக்கிறாரோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒளிப்பானேன், வாசற்படி ஏறும்போது எனக்கும் அதே மாதிரி ஓர் எண்ணம் ஓடியது: இந்தப் பெண்ணை இவரிடம் காட்டிவிட்டால், கப்பலூர்த் தொழிற்பேட்டையிலிருந்து நம் கோவிலுக்கு வரும் ஜார்க்கண்டு, ஒடிசா பையன்களையும் இவர் கூட்டிக்கொண்டு போய்விட்டால்?

பாப்டிஸ்ட் சபையாரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது குறைவு. விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் வயது வந்தவர்களுக்கு மட்டுமே அவர்கள் திருமுழுக்குக் கொடுக்கிறார்கள். தண்ணீரில் முழுவதும் முழுக்கி எடுக்கிறார்கள். நாம் ‘திருமுழுக்கு’ என்று அழகாகப் பெயர் வைத்துக்கொண்டு குழந்தையின் தலையில் மூன்று முறை நீர் வார்க்கிறோம். முழுக்குவதற்கு நம் சடங்கு முறையிலும் இடம் இருக்கிறது, ஆனால் யாரும் செய்வதில்லை. தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் அவர்கள் கொடுக்கும் திருமுழுக்கை நாம் ஏற்கிறோம். அவர்களில் ஒருவர் நம்மிடம் வந்தால் மறுபடி கொடுப்பதில்லை. குழந்தைப் பருவத்தில் நாம் பெற்றதை அவர்கள் ஏற்பதில்லை. இந்த வேற்றுமை உண்மையானது. போதகர் அதை மறைக்கவில்லை. “ஃபாதர், நீங்க எங்க சபைக்கு வந்தா உங்கள மறுபடியும் தண்ணிக்குள்ள முக்கித்தான் எடுக்கணும்” என்றார். “வைகையில தண்ணி வரட்டும் பாஸ்டர், பாப்போம்” என்றேன். அதன் பிறகுதான் இருவரும் இயல்பாகப் பேச ஆரம்பித்தோம்.

அவர் சொல்லித்தான் சிலவற்றைத் தேடிப் படித்தேன். பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே ஆயர் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும். அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்ய வேண்டுமென்றால், யாரும் கட்டளையிட முடியாது. மனம் ஒத்துத்தான் சேர வேண்டும். 1792 அக்டோபர் 2ஆம் நாள் இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற சிற்றூரில் ஒரு கைம்பெண்ணின் வீட்டு அறையில் சில சிறிய சபைகளின் போதகர்கள் கூடினார்கள். பெரிய பணக்காரர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகளை ஒரு பொடி டப்பாவில் போட்டார்கள் என்பார்கள். மொத்தம் 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். செருப்புத் தைத்த வில்லியம் கேரி அடுத்த ஆண்டு வங்காளத்துக்கு வந்தது அந்த முயற்சியால்தான். ஆங்கிலேயக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பவில்லை. நம் தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க்கின் கையில் இருந்த செராம்பூர்தான் 1800இல் அவருக்கும் தோழர்களுக்கும் இடம் கொடுத்தது. லுத்தரன் அரசரின் ஊர், பாப்டிஸ்டுகளுக்கு வாசலைத் திறந்துவிட்டது.

அந்தக் கேரி 1806இல் ஓர் ஆசையை எழுதி அனுப்பினார். எல்லாச் சபைகளின் மிஷனரிகளும் 1810இல் நன்னம்பிக்கை முனையில் கூட வேண்டும், பத்தாண்டுக்கு ஒருமுறை இப்படிக் கூட வேண்டும் என்று. இங்கிலாந்தில் அவருடைய நெருங்கிய நண்பரே அதை இனிய கனவு என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். கனவு பலிக்க நூறு ஆண்டு பிடித்தது. 1910இல் எடின்பரோவில் அந்த மாநாடு கூடியபோது அதில் பேசியவர்களுள் ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஐந்தாண்டுக்கு முன் 1905 கிறிஸ்து பிறப்பு நாளில் கேரியின் செராம்பூரிலேயே, பல சபையாரும் சேர்ந்து நடத்தும் இந்திய தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அங்கே அவர் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார்: உங்கள் தியாகத்துக்கெல்லாம் நன்றி உண்டு, ஆனால் எங்களோடு சமமாக உட்காருகிறீர்களா, நண்பர்களாக இருக்கிறீர்களா? அந்தச் சபையில் பலருக்கு அது கசந்தது.

அந்த மாநாட்டில் கத்தோலிக்கர் யாரும் இல்லை. ஆனால் இத்தாலியின் கிரெமோனா மறைமாவட்ட ஆயர் ஜெரேமியா போனொமெல்லி வாழ்த்துக் கடிதம் ஒன்று அனுப்பினார். அது அவையில் வாசிக்கப்பட்டது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை வெளியிடுவதற்கு 54 ஆண்டு முன்பு, ஓர் ஆயர் தனி ஆளாக எழுதிய கடிதம். எபேசுக்காரர்கள் எழுதியது போன்ற கடிதம்தான் அதுவும்.

நம் ஊருக்கு வருவோம். பழைய நாளில் சீர்திருத்த சபைகளின் மிஷன்கள் தமிழ்நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டன. 1834 முதல் மதுரையில் அமெரிக்க மிஷன், தெற்கே திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சபை, இப்படி. சண்டையைத் தவிர்க்க அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. ஆனால் மக்கள் வயிற்றுப்பிழைப்புக்கு ஊர் மாறினார்கள். திருநெல்வேலி ஆள் ஒருவர் மதுரை மில்லில் வேலைக்குச் சேர்ந்தால் அவர் எந்தச் சபை? ரயிலில் ஒரு ராத்திரி பயணம் செய்தவுடன் விசுவாசம் மாறிவிடுமா? எல்லை போட்டவர்கள் அறையில் உட்கார்ந்து போட்டார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அந்த எல்லையைச் செல்லாததாக்கினார்கள். 1919இல் தரங்கம்பாடியில் 33 பேர் கூடி ஒன்றாவோம் என்று அறைகூவல் விட்டார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர், அசரியாவும் அதில் இருந்தார். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அசரியா அதைப் பார்க்க இல்லை. 1945 ஜனவரி முதல் நாளே இறைவனடி சேர்ந்திருந்தார். ஆயரே இல்லாமல் பழகிய மதுரைச் சபைகளுக்கு, ஸ்காட்லாந்து சபையின் லெஸ்லி நியூபிகின் என்ற 37 வயதுக்காரர் பேராயராக வந்தார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பாப்டிஸ்டுகள் தெற்கே அந்த ஒன்றிப்பில் சேரவில்லை. வடக்கே 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது அவர்களில் ஒரு பகுதியினர் சேர்ந்தார்கள். குழந்தைத் திருமுழுக்கு, பெரியவர் திருமுழுக்கு இரண்டுக்கும் அங்கே இடம் வைத்தார்கள். நம் அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் சி.எஸ்.ஐ. மாணவரும் லுத்தரன் மாணவரும் ஒன்றாகப் படித்து வாங்கும் பட்டம், பாப்டிஸ்டுகள் தொடங்கிய அந்தச் செராம்பூரின் பட்டம்.

தமிழ்நாட்டுப் பாப்டிஸ்டுகள் என்றதும் என் மனதில் நிற்பது கொல்லிமலைதான். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற தம்பதி அங்கே குடியேறினார்கள். மலைக் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், தச்சு வேலை செய்வார், சொத்தைப் பல் பிடுங்குவார். ஆண்டுக்கணக்கில் யாரும் அவர்கள் சபையில் சேரவில்லை. எதிர்த்து நின்றவர்களில் ஒரு பூசாரியும் இருந்தார். கொள்ளைக் காய்ச்சல் வந்து அவர் படுத்துவிட்டபோது அக்கம்பக்கத்தார் கிட்டே போகப் பயந்தார்கள். இந்தத் தம்பதி போய்ப் பணிவிடை செய்தார்கள். சாகும்போது அவர் தம் பெண் குழந்தையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். 1929இல் ஜெஸ்ஸியே காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் அம்மையார், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பிப் போய், 1974இல் 95 வயதில் கண்மூடும்வரை அங்கேயே உழைத்தார். அவர்களுடைய மகன் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில், பல சபைகளும் சேர்ந்து நடத்தும் சி.எம்.சி. மருத்துவமனையில், தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை செய்து மீண்டும் வேலை செய்ய வைத்தார். சிகிச்சைக்கு வந்தவரை அவர் சபை கேட்டிருக்க மாட்டார்.

எங்கள் ஊர்க் கதையை முடிக்கிறேன். போதகரும் நானும், அருகிலுள்ள சி.எஸ்.ஐ. ஆயரும் சேர்ந்து ஒரு சிறு ஏற்பாடு செய்துகொண்டோம். பெரிய பெயர் எதுவும் வைக்கவில்லை. வெளியூரிலிருந்து ஒருவர் எங்களில் யாரிடம் முதலில் வந்தாலும், வந்தவரை உட்கார வைத்து, பெயர், ஊர், வேலை, எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்க வேண்டும். சபையைக் கடைசியில் கேட்கலாம். அவர் மொழியில், அவர் முறையில் வழிபாடு எங்கே இருக்கிறதோ அங்கே நாமே கொண்டுபோய் விட வேண்டும். அந்த மணிப்பூர்ப் பெண் இப்போது காலையில் பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறாள்; நல்ல குரல், அங்கே பாடுகிறாள். போதகர் தம் பங்குக்கு, கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்டுக் கத்தோலிக்கர் ஆறு பேரை எங்கள் கோவிலுக்குத் தம் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார். அவர்களுக்காக மாதம் ஒரு ஞாயிறு மாலை இந்தியில் திருப்பலி வைத்திருக்கிறோம். என் இந்தியைக் கேட்டு அவர்கள் சிரிக்கிறார்கள், பரவாயில்லை.

எல்லாம் சீராக நடக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து, “நம்ம ஆளுங்களையே கவனிக்க முடியல, இதெல்லாம் எதுக்கு ஃபாதர்?” என்று கேட்டார். போதகரின் சபையிலும் இரண்டு குடும்பங்கள், கத்தோலிக்கரோடு என்ன கூட்டு என்று விலகிவிட்டன. அந்தக் கேள்வி கேட்டவர்மீது எனக்குக் கோபமில்லை. நோயாளிகளைச் சந்திக்க நான் மாதக்கணக்கில் போகாமல் இருந்த வீடுகளில் அவர் வீடும் ஒன்று. அடுத்த நாளே போனேன்.

கடைசியாக ஒரு செய்தி. அந்தப் பெண்ணின் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு முகாமிலிருந்து கிளம்பிவிட்டான். சென்னை வந்து, பாண்டியன் எக்ஸ்பிரஸில் வரும் வெள்ளிக்கிழமை விடியற்காலை மதுரையில் இறங்குகிறான். ஓர் உணவகத்தில் வேலைக்குச் சொல்லியிருக்கிறது. அக்காளும் தம்பியும் சேர்ந்து இருக்க ஓர் அறை தேடுகிறோம். மூன்று வீடுகளில், வெளிமாநிலத்தாருக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றில் இரண்டு வீட்டு நிலையில் நான் கையால் சிலுவை வரைந்து புதுமனை மந்திரித்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போதகரும் நானும் போகிறோம். அந்த வயதான அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இட்லி கட்டிக்கொண்டு வருவாராம், பையனுக்குக் காரம் ஆகுமா என்று அக்காளிடம் கேட்டு வைத்திருக்கிறார். மாடியில் அறை காலியாக வைத்திருப்பவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வியாழக்கிழமை மாலைத் திருப்பலிக்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.